கூரை ஈயமும் ஒரு வாய் வெற்றிலையும்

காலை பத்து மணி தாண்டியதும் டேவ் கீழே நின்றுகொண்டு, மேலே எங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் தேய்த்துக் காட்டுவார். டேவ் எங்கள் மேற்பார்வையாளர், அறுபதை நெருங்கும் வெள்ளைக்காரர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், குளிருக்குத்தான் தேய்க்கிறார் என்று நினைத்து நானும் கூரையில் இருந்தபடி பதிலுக்குத் தேய்த்துக் காட்டினேன். மனுசன் தலையில் அடித்துக்கொண்டார். இறங்கி வந்து கை கழுவு என்பதுதான் அதற்கு அர்த்தமாம். தேநீர் எல்லாம் அதற்குப் பிறகு.

கழுவுவது என்றால் நம் ஊரில் செம்புத் தண்ணீரில் விரலை நனைத்துவிட்டு உதறுகிற கழுவல் இல்லை. அதற்கென்று ஒரு தகரக் கூண்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கதவால் அழுக்கோடு உள்ளே போக வேண்டும், வேலை உடுப்பைக் கழற்றி அங்கேயே மாட்ட வேண்டும், சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு முழங்கை வரைக்கும் தேய்க்க வேண்டும், நகத்துக்கு ஒரு சின்ன பிரஷ், பிறகு முகம், பிறகு மற்றக் கதவால் வெளியே. கக்கூசுக்குப் போய்விட்டு வந்து கை கழுவச் சொல்லும் ஊரை எனக்குத் தெரியும். போவதற்கு முன்னாலும் கழுவு என்று சொல்லும் ஊரை இங்கேதான் பார்த்தேன். இதில் பெரிய அதிசயம், அப்படிக் கழுவுகிற நேரத்துக்கும் சம்பளம் உண்டு. என் அம்மா இலங்கையில் பன்வில பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆயுசு முழுக்கக் கொழுந்து எடுத்தவள். கொழுந்துக் கறை ஏறிய விரலோடுதான் மலையில் நின்றபடி ரொட்டியைப் பிய்த்துத் தின்பாள். கை கழுவ நேரம் கொடு என்று அவள் கங்காணியிடம் கேட்டிருந்தால் அந்த மலை முழுக்கச் சிரித்திருக்கும்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் டெர்பி என்கிற ஊரில் இருக்கிறேன். பழைய கோவில்கள், அதாவது சர்ச்சுகள், அவற்றின் கூரைகளில் ஓடும் இல்லை, தகரமும் இல்லை. ஈயத் தகடு போட்டிருக்கிறார்கள். மெத்தென்ற உலோகம். மரச் சுத்தியலால் தட்டினால் சொன்ன பேச்சைக் கேட்டு வளையும், மூலைகளுக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கும், பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் ஒழுகாது. ஆனால் அதைத் தொட்ட கை வாய்க்குப் போகக்கூடாது. பழைய தகட்டை உரிக்கும்போது அடிப்பக்கத்தில் திருநீறு மாதிரி வெள்ளைத் தூள் இருக்கும். அது பொல்லாதது, மூக்கிலும் போகக்கூடாது. உருக்கினால் புகை. இவ்வளவுதான் இந்தத் தொழிலின் வேதம். கண்டியில் கடைகளுக்குத் தகரம் அடித்துக்கொண்டு திரிந்தவன் நான். பிறகு கட்டாரில் ஆறு வருடம். கூரை வேலைக்கு ஆள் இல்லை என்று இங்கிலாந்து விசா கொடுத்தபோது, வெயிலில் காய்ந்தது போதும், மழையில் நனைவோம் என்று வந்து சேர்ந்தேன். இப்போது வயது நாற்பத்தாறு. முழங்காலைக் கேட்டால் அறுபது என்று சொல்லும்.

சில மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் எல்லோருக்கும் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு ஈயம் உள்ளே போயிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். ஓர் எல்லைக்கு மேல் போனால் ஈய வேலையில் இருந்து இறக்கிவிடுவார்கள். இரண்டாவது வருடம் என்னுடையது ஏறத் தொடங்கியது. மூன்றாவது தடவை இன்னும் ஏறியது. மற்றவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, எனக்கு மட்டும் ஏறுகிறது. டேவ் எனக்குப் பின்னாலேயே நின்று நான் கை கழுவுவதைப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. அவர் நகத்தைவிட என் நகம் சுத்தம். இரத்தம் எடுக்கும் நர்ஸ் கேட்டாள், சிகரெட் குடிக்கிறாயா? இல்லை. நகம் கடிப்பாயா? இல்லை. மேலே நிற்கும்போது ஏதாவது சாப்பிடுவாயா? சத்தியமாக இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் காற்சட்டைப் பையில் ஒரு பொலித்தீன் பொட்டலம் எப்போதும் இருந்தது. சனிக்கிழமைகளில் தமிழ்க் கடையில் வாங்குகிற வெற்றிலை, உடைத்த பாக்கு, ஒரு சின்ன டப்பியில் சுண்ணாம்பு. குளிர் எலும்புக்குள் இறங்கும்போது, கூரை முகட்டில் ஒரு பக்கமாகக் குந்தி, வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, காற்சட்டையில் ஒரு துடை துடைத்து, விரல் நுனியால் சுண்ணாம்பைத் தடவி, மடித்து, கன்னக் கொடுப்புக்குள் ஒதுக்கிவிடுவேன். உடம்பில் ஒரு சூடு ஓடும். தோட்டத்துப் பிள்ளைக்கு இது சாப்பாடா? மூச்சு விடுகிற மாதிரி ஒன்று. வேலை விதிகளில் சாப்பிடாதே, குடிக்காதே, புகைக்காதே என்று எழுதியிருந்தது. வெற்றிலை அந்த மூன்றிலும் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டேவுக்கும் தெரியவில்லை. ஒரு நாள் நான் போத்தலுக்குள் துப்பியதைக் கண்டுவிட்டு மனுசன் வெளிறிப் போனார். என் பல் முரசில் இருந்து இரத்தம் கொட்டுகிறது என்று நினைத்து, தன்னுடைய பல் டொக்டரின் விலாசத்தை ஒரு துண்டில் எழுதி அன்போடு கொடுத்தார். விளக்கிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தாங்க்யூ சொல்லி வாங்கிப் பையில் வைத்தேன், அதே வெற்றிலைப் பைக்குள்.

கடைசியில் ஒரு நாள் பையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்துக் கேட்டு, உண்மை தெரிந்தபோது நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். காற்சட்டைத் தூள், விரல் தூள், சுண்ணாம்பு ஈரம், எல்லாவற்றையும் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை மடித்து மடித்து நானே எனக்கு ஊட்டியிருக்கிறேன். ஈய வேலையில் இருந்து என்னை இறக்கினார்கள். ஏழு மாதம் கம்பெனி முற்றத்தில் பலகை அடுக்கினேன், லொறியில் ஓடு ஏற்றினேன்; இரத்தத்தில் ஈயம் இறங்கிய பிறகுதான் மறுபடி கூரை. அந்தக் காலத்தில் வயிறு முறுக்கும், மலம் போகாது, எதை எங்கே வைத்தேன் என்று மறந்துபோகும், காரணமில்லாமல் கோபம் வரும், காலையில் கட்டிலில் இருந்து எழுவதே ஒரு வேலையாக இருக்கும். வீட்டுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? பதவி உயர்ந்திருக்கிறது, இனிக் கூரையில் ஏற வேண்டியதில்லை, கீழே நின்று மேற்பார்வை பார்க்கிற வேலை என்று சொன்னேன். வெளிநாட்டில் இருக்கிற நாம் எல்லோரும் இந்தப் பொய்யில் ஏதோ ஒரு துண்டைச் சொல்லியிருக்கிறோம். கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சி கலா போனிலேயே பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தாள்.

இந்தக் கலாவுக்காகத்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், நான் ஊருக்குப் போனேன். கல்யாணம் கட்டிப் பதினொரு வருடம். இரண்டு தடவை வயிற்றில் நின்று பாதியில் கலைந்துபோனது. இப்போது மூன்றாவது, ஆறு மாதம் தாண்டியிருந்தது. அம்மா இல்லாத வீடு. பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும் என்று மூன்று வார லீவு எடுத்துக்கொண்டு போனேன். தோட்டத்தை விட்டு வெளியே வந்து, பன்வில டவுனுக்குக் கீழே இரண்டு அறை போட்டுக் கட்டிய வீடு. படியில் நின்று என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னாண்ணே, இப்புடி எளச்சிப் போயிட்டீங்க! மேற்பார்வை வேலையில நெழல்ல இருந்தா சத போடணுமே."

"அங்க நெழலே கெடையாதும்மா, எல்லாம் மழதான்" என்று சிரித்துச் சமாளித்தேன்.

பெட்டியை வைக்க உள்ளே போனவன் அலுமாரிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். சாம்பல் நிறத்தில் நாலைந்து சுருள்கள் சுவரில் சாய்ந்து நின்றன. கிட்டப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. ஒன்பதாயிரம் கிலோமீற்றர் தள்ளி விட்டுவிட்டு வந்த சனியன் எனக்கு முன்னால் வந்து, என் தங்கச்சி படுக்கிற அறையில் நிற்கிறது. அடிப்பக்கத்து வெள்ளைத் தூள் சீமெந்துத் தரையில் கோடு கோடாகக் கொட்டிக் கிடந்தது. கலா அதன் மேல் வெறுங்காலோடு நடந்து போய் எனக்கு ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மச்சான் ரவிக்கு அதைக் காட்டுவதில் ஒரே பெருமை. கலாவின் புருசன், நல்ல உழைப்பாளி, குடி கிடையாது, சொல்லுக்குச் சொல் சிரிப்பவன். ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றுகிறார்கள், அதில் கூரை பிரிக்கிற கொந்தராத்து வேலை அவனுக்கு.

"பாத்தீங்களா மச்சான், ஒங்க தொழிலு எங்க வீட்டுக்கே வந்திருச்சு! ரெண்டு கூர சேர்ற எடத்துல பீலி மாதிரி அடிச்சி வச்சிருக்கான் வெள்ளக்காரன். பாஸ் எடுத்துக்கிட்டுப் போடான்னுட்டாரு. தெல்தெனியப் பக்கம் டேம்ல வல போடுறவங்க இருக்காங்கல்ல, அவங்களுக்கு வலைக்கு ஈயக் குண்டு வேணும். நான் உருக்கி ஊத்திக் குடுக்குறேன்."

"எங்க வச்சி உருக்குற?"

"வெளியிலதான் உருக்குனேன். இப்ப மழ விட மாட்டேங்குதே, அதான் குசினியில."

குசினிக்குள் போனேன். விறகு அடுப்புக்குப் பக்கத்தில், அடி கறுத்த ஒரு பழைய தாச்சிச் சட்டி. அதன் ஓரத்தில் ஈயம் கசடு கட்டியிருந்தது. அடுப்பின் அடுத்த கண்ணில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு பலகைக்கட்டை, ஒரு கத்தி, ஒரு சுளகு நிறையக் கொட்டைப் பாக்கு அளவில் ஈயக் குண்டுகள். வார்க்கும்போது ஓரத்தில் பிதுங்கி நிற்கிற பிசிரைக் கத்தியால் சீவி எடுப்பது யார் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும்.

"நாந்தான்" என்றாள் கலா. "பாரம் தூக்காதன்னு மிட்வைப் மிஸ் சொல்லிட்டாங்க. குந்திக்கிட்டுச் செய்ற வேலதானே. சும்மா எத்தன நேரம்தான் சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

அங்கேயே அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதிலாக ஒரு பிரசங்கம் வைத்தேன். ஈயம் விசம், அதுவும் வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்குப் படு விசம், தாயின் இரத்தத்தில் போனால் பிள்ளையின் மூளைக்குப் போகும், எங்கள் கம்பெனியில் இப்படி, எங்கள் கம்பெனியில் அப்படி. கை கழுவும் கூண்டு, இரண்டு கதவு, நகப் பிரஷ் என்று எல்லாவற்றையும் அளந்தேன். ரவியின் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது.

"மச்சான், கோவிச்சிக்காதீங்க. நீங்க எத்தன வருசமா இதுலயே கெடக்குறீங்க. ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சா? கல்லு மாதிரி இருக்கீங்க, மேல தூக்கிக்கூட விட்டுருக்காங்க. எங்களுக்கு மட்டும் விசமா?"

"நாங்க மாஸ்க் போடுறோம், கையொற போடுறோம்."

"அதானே பாத்தேன். அந்த ஊருல கைக்கு ஒற, காலுக்கு ஒற. இங்க மனுசனுக்கு ஒற போட நேரம் எங்க இருக்கு?"

கலாவும் சிரித்துவிட்டாள். அவளுக்குப் புருசன் பக்கம் நிற்கத்தானே தோன்றும். எனக்கு எரிச்சலும் வந்தது, அதைவிட அதிகமாகக் களைப்பு வந்தது. ஊரை விட்டுப் போனவன் திரும்பி வந்து எதைச் சொன்னாலும் அது பீற்றல் ஆகிவிடுகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்றால் பீற்றல், பெல்ட் போடு என்றால் பீற்றல். என் பெட்டியில் கொண்டுவந்திருந்த மாஸ்க் பெட்டியையும் கையுறைகளையும் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் கலா கையுறை போட்டுக்கொண்டு மிளகாய்க்கு விதை எடுக்கிறாள், ரவி மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பங்களாவுக்குக் கிளம்புகிறான். "தூசிக்கு நல்லாருக்கு மச்சான்" என்று கை வேறு காட்டினான். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எப்படியோ, நான் இருக்கும் வரைக்கும் குசினியில் உருக்குவதில்லை என்று ஒத்துக்கொண்டான். அது எனக்குக் கொடுத்த மரியாதை, ஈயத்துக்குப் பயந்து இல்லை. நான் பிளேன் ஏறிய அன்றைக்கே தாச்சி அடுப்பில் ஏறும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டு எழுந்து, மழை பெய்வதைப் பார்த்தபடி மூன்று பேரும் கதவோரம் உட்கார்ந்திருந்தோம். கதிரையில் நான், படியில் ரவி, பாயில் கலா. சாப்பாட்டுக்கு முன்னால் சுளகில் மிச்சமிருந்த குண்டுகளுக்குப் பிசிர் எடுத்து முடித்திருந்தாள். உருக்கத்தானே கூடாது, சீவுவதற்கு என்ன என்பது அவள் நியாயம். பிறகு செம்பில் இருந்த தண்ணீரை விரலில் ஊற்றி, சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, வெற்றிலைத் தட்டை எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் பென்சிலைத் தேய்த்த மாதிரிச் சாம்பல் நிறம். அந்த விரலால் காம்பைக் கிள்ளினாள், நரம்பை உரித்தாள், சுண்ணாம்பைத் தடவினாள், பாக்கு வைத்து மடித்து என் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே. அந்த ஊர்ல இதெல்லாம் ஒங்களுக்கு யாரு மடிச்சுக் குடுக்கப் போறா."

"வேணாம்மா."

"ஏன்?"

"விட்டுட்டேன்."

அவள் முகம் சுருங்கிப் போனது. சாப்பாட்டுக்குப் பிறகு கூடப் பிறந்தவள் மடித்துக் கொடுக்கிற வெற்றிலையை வேண்டாம் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் முகத்தில் அறைகிற மாதிரி. வீட்டில் சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிறவன்தான் அப்படிச் செய்வான்.

"வெத்தலையும் விட்டாச்சா? சரிதான். முழு வெள்ளக்காரனாவே ஆயிட்டீங்க" என்றவள், நீட்டிய கையை மடக்கி, அந்த வெற்றிலையைத் தன் வாய்க்குக் கொண்டு போனாள்.

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. கதிரையில் இருந்து பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டேன். வெற்றிலை போய் மழையில் விழுந்தது. தட்டு கவிழ்ந்து பாக்கு எல்லாம் உருண்டது. ஆறு மாத வயிற்றுக்காரியை அடிக்கிற மாதிரி நின்றேன் நான். ரவி எழுந்து இடையில் வந்துவிட்டான். அவன் கை என் நெஞ்சில் இருந்தது. இத்தனை வருடத்தில் அவன் என்னைத் தொட்டுத் தள்ளியது அன்றைக்குத்தான்.

"என்னா மச்சான் இது? பைத்தியமா ஒங்களுக்கு?"

"ஆமா, பைத்தியம்தான்" என்றேன். "அந்த வெத்தலதான்டா என்னக் கெடுத்திச்சி. இதே கை, இதே ஈயம், இதே சுண்ணாம்பு. எனக்கு மேற்பார்வையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ரத்தத்துல ஈயம் ஏறி என்ன எறக்கி விட்டாங்க. ஏழு மாசம் முத்தத்துல பலக அடுக்கினேன்."

போனில் வைத்திருந்த டொக்டர் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். ரவிக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். லெட் என்கிற சொல்லில் விரலை வைத்து, இதுவா ஈயம் என்று கேட்டான். பிறகு ஒவ்வொரு வரியாக நான் தமிழில் சொன்னேன். வயிற்று முறுக்கு, மறதி, கோபம், மூட்டு வலி எல்லாவற்றையும் சொன்னேன். போனில் ஏன் அடிக்கடி பேசாமல் இருந்தேன், தீபாவளிக்கு ஏன் எரிந்து விழுந்தேன் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. ரவி படியில் மெல்ல உட்கார்ந்தான்.

"ரெண்டு மாசமா எனக்கும் வயிறு இப்புடித்தான் முறுக்குது" என்றான். "கேஸ்டிக்னு நெனச்சி இஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்கேன்."

கலா தன் இரண்டு கைகளையும் மடியில் படாமல், தன்னுடையது இல்லாத எதையோ பிடித்திருக்கிற மாதிரித் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் அவளுக்குக் கை எழவில்லை.

"ஏண்ணே இத முதல்லயே சொல்லல?" என்று கேட்டாள். "வந்த அன்னைக்கே சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா?"

என் மானத்தைக் காப்பாற்ற மூன்று நாள் எடுத்தேன். அந்த மூன்று நாளும் அவள் பிசிர் சீவினாள், வெற்றிலை போட்டாள், அதே கையால் எனக்கு ரொட்டி தட்டிப் போட்டாள்.

அன்றைக்கே வீட்டைச் சுத்தம் செய்தோம். கலா பழக்கத்தில் விளக்குமாற்றைத் தூக்கினாள். கூட்டினால் தூள் பறக்கும் என்று அதைப் பிடுங்கி வைத்துவிட்டு அவளைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன். நானும் ரவியும் மாஸ்க் போட்டுக்கொண்டு, சுருள்களை ஈரச் சாக்கில் சுற்றி வெளியே எடுத்தோம். தரையை ஈரத் துணியால் மூன்று தடவை துடைத்து, துடைத்த துணியைக் கட்டி ஒதுக்கினோம். தாச்சி, கத்தி, சுளகு, பாய், எல்லாம் போனது. அடுத்த நாள் பங்களாவுக்கும் போனேன். அங்கே ஆறு பேர், உரித்த தகட்டின் மேலேயே குந்தி, சோற்றுப் பார்சலைப் பிரித்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு பிசைகிறார்கள். பாஸ் முதலில் சிரித்தார். ரவி நடுவில் வந்து தன் பெண்சாதியைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஒரு பீப்பாய் தண்ணீரும் சவர்க்காரமும் வைப்பதாகச் சொன்னார். வேலை உடுப்பை அங்கேயே கழற்றி வைக்கலாம், ஈயத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் முழுத் தகடாகவே கண்டிக்கு லொறியில் ஏற்றலாம் என்றும் ஒத்துக்கொண்டார். எத்தனை நாளைக்கு நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ரவி பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் பண்ணினான்.

பிறகு கண்டிக்குப் போய் இரண்டு பேருக்கும் இரத்தம் கொடுத்தோம். அதற்கும் ஒரு கூத்து நடந்தது. கவுண்டரில் இருந்த பெண், கலாவின் வயிற்றைப் பார்த்ததும் தானாகவே இரும்புச் சத்துக்கு பில் போடத் தொடங்கினாள். இரும்பு இல்லை, ஈயம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்து, கார் பெற்றரி வேலையா என்று அரைத் தமிழில் கேட்டாள். கூரை வேலை என்றேன். கூரையில் இந்த அம்மாவா என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு விளக்கத் தெம்பு இல்லை. இரத்தம் கொழும்புக்குப் போக வேண்டும், முடிவு வர மூன்று வாரம் எடுக்கும் என்றார்கள். அதற்குள் என் லீவு முடிந்துவிட்டது. நான் கிளம்பும்போது கலா வாசல் குழாயில் நின்று, நான் காட்டிக் கொடுத்தபடி, முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதனால் என்னைக் கட்டிப் பிடித்து அனுப்பக்கூட அவளால் முடியவில்லை.

முடிவு நான் டெர்பி வந்த பிறகு வந்தது. ரவிக்கு நன்றாக ஏறியிருக்கிறது. கலாவுக்கு அவ்வளவு இல்லை, ஆனால் பிள்ளை சுமக்கிறவளுக்கு இருக்கக்கூடிய அளவைவிடக் கூட. ஈயத்தின் பக்கமே போகாமல் இருந்தால் குறையும், கல்சியம் எடு, அடுத்த மாதம் மறுபடி பார்ப்போம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டதற்கு, பிறக்கட்டும் பார்ப்போம் என்றாராம். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் நாங்கள் இப்போது காலம் தள்ளுகிறோம். அவளோடு போனில் பேசும்போது நான் அதைப் பற்றிக் கேட்பதில்லை. பிள்ளை உதைக்கிறதா என்று மட்டும் கேட்பேன். உதைக்கிறது என்பாள். அன்றைக்கு எனக்கு வேலை ஓடும்.

போன வாரம் எனக்கும் இரத்தப் பரிசோதனை முறை வந்தது. அதே நர்ஸ். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினேன். புதிதாக ஒரு படிவம் வந்திருக்கிறதாம், ஊசி குத்துவதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்க வேண்டுமாம். கேட்டாள். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? இல்லை. கர்ப்பிணிகள் யாராவது இருக்கிறார்களா?

"யெஸ்" என்றேன்.

கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். என் பெயருக்கு நேரே தனி ஆள், வாடகை அறை என்று இருந்திருக்கும். எத்தனை மாதம் என்று கேட்டாள். எட்டு என்றேன். அவள் முகம் மலர்ந்து, கொங்கிராஜுலேஷன்ஸ் சொல்லி, உடனே கவலையாகி, நீ வேலை உடுப்போடு வீட்டுக்குப் போவதில்லைதானே, அவள் இப்போது உன் வீட்டில்தானே இருக்கிறாள் என்று கேட்டாள்.

என் தங்கச்சி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், நான்தான் இல்லை. இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் ஊசியைக் குத்திவிட்டாள்.